மூடிவைத்த மரபணு முடிவுகளைத் திரும்பத் திறந்து பாருங்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும், தேசியத் துல்லிய மருத்துவத் திட்டத்தை வழிநடத்துவோருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மரபணுச் சோதனை செய்கிறீர்கள். "காரணம் தெரியவில்லை" என்றோ, "ஒரு மாற்றம் தெரிகிறது, ஆனால் அதுதான் காரணமா என்று சொல்ல முடியவில்லை" என்றோ முடிவு வருகிறது. அந்த முடிவை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவமனையே எடுத்து மறுபடி படிக்க வேண்டும். புதிதாக ஏதும் தெரியவந்தால் மருத்துவமனையே குடும்பத்தை அழைத்துச் சொல்ல வேண்டும். தமிழில் கேட்டால்தான் புரியும் என்கிற வீட்டில் தமிழிலேயே சொல்ல வேண்டும். பெற்றோர் நினைவு வைத்திருந்து தாங்களாகக் கேட்டால் மட்டுமே கோப்பு திறக்கும் என்ற நிலை இருக்கக்கூடாது.

நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன். என் அண்ணன் மகளுக்கு ரெட் நோய்க்குறி; கற்ற பேச்சையும் கைப்பழக்கத்தையும் சிறு வயதிலேயே இழக்கவைக்கும் மூளை வளர்ச்சி நோய் அது. அவளோடு மருத்துவமனைக்கு அலைந்த பழக்கத்தில், இதே மாதிரிப் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடத் தொடங்கினார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்தாலும், வீட்டில் பிள்ளையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குத் தெரியாது. அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் காதில் ஏறவும் ஏறாது. அந்த அறைகளில் உட்கார்ந்து கேட்டவைதான் இந்த மடலை எழுத வைத்தன.

நான் பேசுவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வகைப் புரதங்களைப் பற்றி. நம் உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. புரதங்களைச் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. நரம்பணு நரம்பணுவாகவும் ஈரல் அணு ஈரல் அணுவாகவும் இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று முடிவுசெய்யும் புரதங்கள். சில புரதங்கள் நேரடியாக டிஎன்ஏயைப் பற்றிக்கொண்டு ஒரு மரபணுவை எழுப்பும், அல்லது அடக்கும். வேறு சில, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளைத் தளர்த்தும் அல்லது இறுக்கும். வேலை ஒன்றுதான்: மற்ற மரபணுக்களை ஆள்வது. அதனால் இவற்றில் ஒன்று பழுதானால் பாதிப்பு ஓர் இடத்தோடு நிற்பதில்லை. அது ஆளும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் தடம் புரளும். எல்லா உறுப்புகளையும்விட மூளைக்கு இந்தக் கட்டுப்பாடு நுட்பமாகத் தேவைப்படுவதால் அங்கேதான் முதலில் தெரியும்.

என் அண்ணன் மகளுக்குப் பழுதானது மெக்பி-2 என்ற புரதம். எடின்பரோவின் ஏட்ரியன் பேர்ட் குழுவினர் 1992இல் இதைக் கண்டுபிடித்தபோது இதற்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்று யாருக்கும் தெரியாது. டிஎன்ஏயில் மெத்தில் குறி எனும் சிறு வேதி அடையாளம் பதிந்த இடங்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் என்று மட்டும் தெரிந்தது. வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர், கைகளை ஓயாமல் பிசைந்துகொண்டிருந்த சிறுமிகளைப் பற்றி 1966இலேயே எழுதியிருந்தார். உலகம் அதைக் கவனித்தது 1983இல், சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்கும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் எழுதிய பிறகு. அமெரிக்காவில் ஹூடா ஜோக்பியின் ஆய்வகம் 1999இல் இரண்டையும் இணைத்தது: ரெட் சிறுமிகளில் பெரும்பாலோருக்குப் பழுது இந்த மெக்பி-2 மரபணுவில். ஏறக்குறைய 10,000 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இது வருகிறது.

என் மருமகள் ஒரு வயதில் "அத்தை" என்பாள், பிஸ்கட்டைத் தானே எடுத்துத் தின்பாள். ஒன்றரை வயதுக்குள் சொற்கள் போயின. பிறகு கைகள் எதையும் பிடிக்க மறந்தன. முதலில் ஆட்டிசம் என்றார்கள். இந்தப் பிள்ளைகள் பலருக்கு முதலில் சொல்லப்படுவது அதுதான். மரபணுச் சோதனைதான் உண்மையான பெயரைச் சொன்னது. பெயர் தெரிந்ததால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. வலிப்பு வரக்கூடும், மூச்சு ஒழுங்கு தவறும், முதுகெலும்பு வளையும் என்று முன்கூட்டியே தெரிந்தது. இதயத் துடிப்பின் மின்பதிவில் ஓர் இடைவெளி நீளக்கூடும், அதனால் சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் தெரிந்தது. அமெரிக்காவில் 2023 மார்ச்சில் டிரோஃபினடைட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது அது எங்கள் பிள்ளையின் நோய்க்கானது என்று எங்களால் அடையாளம் காண முடிந்தது. பெயர் தெரியாதிருந்தால் அந்தச் செய்தி எங்களைக் கடந்து போயிருக்கும்.

இந்தப் புரதங்களின் அளவு உப்பு மாதிரி. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். மெக்பி-2 மரபணு இரட்டித்துப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு வேறொரு கடும் நோய் வருகிறது. அதனால்தான் மரபணுச் சிகிச்சை இங்கே அவ்வளவு கடினமாக இருக்கிறது: ஒவ்வோர் அணுவுக்கும் சரியான அளவு போய்ச் சேர வேண்டும். ஆனாலும் நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. எலிகளில் மெக்பி-2வை அணைத்துவைத்து, நோய் முற்றிய பிறகு மீண்டும் இயக்கினார்கள். நடுக்கமும் மூச்சுக் கோளாறும் பெருமளவு நீங்கின. பேர்டின் குழு 2007இல் இதை வெளியிட்டது. நரம்பணுக்கள் செத்துப்போகவில்லை, காத்திருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கும் என்று நான் எந்தத் தாயிடமும் சொன்னதில்லை. ஆனால் காத்திருக்கும் அணுக்களுக்காகப் பெயரைத் தேடுவது வீண் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ரெட் ஒரு தனிக் கதை அல்ல. 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆட்டிசம் உள்ள 11,986 பேரை உள்ளிட்ட 35,584 பேரின் மரபணுக்களைப் படித்து, ஆட்டிசத்தோடு வலுவாகத் தொடர்புள்ள 102 மரபணுக்களைக் கண்டது. அவற்றில் 58, மற்ற மரபணுக்களை ஆளும் வேலையைச் செய்பவை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மரபணுக்கள் அதில் பாதிக்கும் குறைவு, 24தான். சிஎச்டி8, ஏடிஎன்பி, ஆரிட்1பி, ஃபாக்ஸ்பி1, டிசிஎஃப்4, சாட்பி2 என்று நீங்கள் நன்கறிந்த பெயர்கள் எல்லாம் மற்ற மரபணுக்களை ஆளும் வகையைச் சேர்ந்தவை. சிறப்புப் பள்ளிகளின் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவற்றில் ஒன்று பழுதாக இருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

இங்கே நம் சமூகத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு இப்படி ஆனால் பழி முதலில் தாய்மேல் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா, அந்த மருந்தை ஏன் சாப்பிட்டாய், உங்கள் பரம்பரையில் யாருக்காவது இருந்ததா என்று கேள்விகள் வரும். சொந்தத்தில் கல்யாணம் கட்டியவர்களாக இருந்தால் அதுவே தீர்ப்பாகிவிடும். சொந்தத்தில் கட்டுவதால் சில நோய்களின் வாய்ப்பு கூடுவது உண்மை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும் நோய்கள் அவை. நான் மேலே சொன்னவை அப்படி அல்ல. இவற்றில் பெரும்பாலானவை, விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாக நேர்ந்த ஒற்றை மாற்றத்தால் வருபவை. ரெட்டில் அந்த மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் நேர்கிறது. அதற்காகத் தந்தையைக் குறைசொல்லவும் ஒன்றுமில்லை, அணு பிரியும்போது எழுத்து தவறுவது யார் கையிலும் இல்லை. ஒரு மாமியாருக்கு இதைத் தமிழில் விளக்கியபோது அவர் எழுந்து போய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மரபணு முடிவால் ஒரு வீட்டுக்குள் இதைச் செய்ய முடியும். அது தெளிவாக வந்தால், புரியும் மொழியில் வந்தால்.

தெளிவாக வராதபோது என்ன ஆகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பையனுக்குப் பேச்சு வரவில்லை, கற்பதும் தாமதம். சோதனையில் ஃபாக்ஸ்பி1இல் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதுதான் காரணமா என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் இரத்தத்தை மட்டும் சோதித்தார்கள், பெற்றோருடையதை எடுக்கவில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், அதோடு அந்தக் கோப்பு மூடியது. அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமோ என்ற பயத்தில் அந்தத் தம்பதி இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணத்துக்காகப் பார்த்த வேறொரு மருத்துவர் அறிக்கையைத் தேடியெடுத்துப் படித்தார். அதற்குள், புரதத்தின் அதே இடத்தில் மாற்றமுள்ள பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். பெற்றோரின் இரத்தத்தைப் பார்த்தபோது இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. பையனிடம் புதிதாக நேர்ந்தது. அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். அம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அந்த மருத்துவமனையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. முடிவைத் திரும்பப் படிப்பது யாருடைய பொறுப்பு என்று வரையறுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அதை வரையறுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இந்தத் தெளிவின்மை எல்லா இனத்தாருக்கும் சமமாக வருவதில்லை. ஒரு மாற்றம் கெடுதலானதா என்று தீர்மானிக்க முதலில் பார்ப்பது, நலமாக இருப்பவர்களிடமும் அது காணப்படுகிறதா என்பதைத்தான். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. அதனால் நம்மவர்களிடம் சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அங்கே அபூர்வமாகத் தோன்றும். சிங்கப்பூர் இதைச் சரிசெய்ய உண்மையாகவே முனைந்திருக்கிறது, அதற்கு நான் நன்றி சொல்கிறேன். 2019இல் வெளியான ஆய்வில் 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்டது. சீனர் 2,780, மலாய்க்காரர் 903, இந்தியர் 1,127 பேர். மக்கள்தொகையில் நம் விகிதம் சுமார் 9 விழுக்காடாக இருக்க, அந்த ஆய்வில் இந்தியர் அதைவிடக் கூடுதலாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள். பிறகு 10,000 பேர், அடுத்து 100,000 பேர் என்று திட்டம் விரிந்தது. தேக்காவிலும் உட்லண்ட்ஸிலும் நம் மக்கள் கை நீட்டி இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தரவு வளர வளர, முன்பு தெளிவில்லாமல் இருந்த மாற்றங்கள் பலவற்றை இப்போது தீர்மானிக்க முடியும். ஆனால் பழைய அறிக்கையை யாராவது எடுத்து அந்தப் புதிய தரவோடு ஒப்பிட்டால்தானே?

மறுவாசிப்பு பலன் தரும் என்பது ஊகம் அல்ல. விடை கிடைக்காத எக்சோம் சோதனை (மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மட்டும் படிப்பது) முடிவுகளைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் படித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பத்துக்கு ஒருவருக்குப் புதிதாக விடை கிடைத்திருக்கிறது. புதிதாக இரத்தம் எடுக்க வேண்டியதுகூட இல்லை, முன்பே கணினியில் இருக்கும் தரவுதான். சில வேளை அது மட்டும் போதாது. 2024இல் ஆர்என்யு4-2 என்ற மரபணுவைப் பற்றி வெளியான கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது புரதம் செய்யும் மரபணுவே அல்ல. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏயை அணுவுக்குள் வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் ஒரு சிறு ஆர்என்ஏ துண்டுக்கானது. ஆனால் மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களில் ஏறக்குறைய 0.4 விழுக்காட்டினருக்கு அதுவே காரணம். ஒற்றை மரபணுவுக்கு இது மிகப் பெரிய பங்கு. புரதப் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்சோம் சோதனை அதைப் பார்த்திருக்கவே முடியாது. அப்படியானால், 2024க்கு முன் எக்சோம் மட்டும் செய்து "ஒன்றும் இல்லை" என்று அனுப்பப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது; நான் உடன் போன எந்தச் சந்திப்பிலும் அதைப் பற்றிய பேச்சு வரவில்லை. மரபணுக்களை ஆளும் புரதம் பழுதானால், டிஎன்ஏ முழுவதும் மெத்தில் குறிகள் பதியும் விதமே மாறிப்போகிறது. அந்த மாற்றம் இரத்தத்திலும் தெரியும். கபுக்கி என்ற அரிய நோய்க்குறிக்கு ஒரு பதிவு, ஏடிஎன்பிக்கு ஒரு பதிவு, ஆரிட்1பி இடம்பெறும் புரதக் கூட்டுக்கு ஒரு பதிவு என்று பலவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் பெக்கிம் சாடிகோவிச் குழு இதை மருத்துவச் சோதனையாகவே வளர்த்திருக்கிறது. எழுத்து மாற்றம் ஐயமாக இருக்கும்போது, புரதம் உண்மையில் பழுதா இல்லையா என்று இந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும். எல்லா மரபணுவுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில், ஐயத்தோடு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு இதைவிட நல்ல இரண்டாவது சோதனை வேறில்லை. உதவித்தொகையோடு கிடைக்கும் சோதனைகளின் பட்டியலில் இதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் இந்த அறிவியலுக்குப் புதியதும் அல்ல. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை உருவாக்கிக் காப்பாற்றுவது, மரபணுக்களை ஆளும் இதே வகையைச் சேர்ந்த நர்1 என்ற புரதம். பார்க்கின்சன் நோயில் அது குறைகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யூன் ஹோ சுப், அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையின் கிம் குவாங் சூவோடு சேர்ந்து, பழைய மலேரியா மருந்துகளான குளோரோகுவினும் அமோடியாகுவினும் நர்1ஐத் தூண்டுவதை 2015இல் காட்டினார். உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வகை வேதிப்பொருள்கள் இரண்டு அதே புரதத்தில் பொருந்துவதை அவர்களின் குழு 2020இல் காட்டியது. இவ்வளவு ஆழமாகப் போகத் தெரிந்த ஒரு நாட்டில், ஆய்வகத்தில் தெரிந்தது ஆலோசனை அறையின் மேசைக்கு வந்து சேர ஏன் இத்தனை தாமதம்? (என் மாணவர்களில் சிலர் இன்று பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் வேலை செய்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்களும் கேட்கிறார்கள்.)

பெயர் இல்லாத நோய்க்கு எந்தக் கதவும் திறப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதிக்கு மக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அது குறிப்பிட்ட நோய்களுக்கான குறிப்பிட்ட மருந்துகளுக்குத்தான். வெளிநாட்டு மருந்துச் சோதனைகளும் அப்படித்தான், பெற்றோர் ஆதரவுக் குழுக்களும் அப்படித்தான். தெளிவில்லாத அறிக்கையோடு நிற்கும் பிள்ளையால் எந்த வரிசையிலும் நிற்க முடியாது.

மறுப்புகளை நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மரபணு ஆலோசகர்கள் குறைவு, ஏற்கனவே வேலைப் பளு அதிகம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் கணினி முதல் சுற்றைப் பார்க்கட்டும். முன்பு சொன்ன முடிவு மாறக்கூடிய அறிக்கைகள் மட்டும் மனிதர் கைக்கு வரட்டும். மறந்திருந்த துயரத்தை மறுபடி கிளறுவது ஆகாதா என்றும் கேட்கலாம். நான் சந்தித்த எந்தப் பெற்றோரும் மறந்திருக்கவில்லை. வேண்டாம் என்போர் சோதனையின்போதே எழுதிக் கொடுக்கட்டும். இதயத்தைத் தாக்கும் பரம்பரைக் கொழுப்பு நோய்க்கு 2025இல் நீங்கள் தொடங்கிய தேசியத் திட்டத்தில், மரபணுச் சோதனைக்கென்றே மையம், உதவித்தொகை, குடும்பத்தாரைத் தேடிச் சொல்லும் ஏற்பாடு எல்லாம் வந்தன. இதய நோய்க்கு முடிந்தது மூளைக்கும் முடியும்.

காப்புறுதிப் பயமும் உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குச் சோதனை செய்தால் பிறகு பாலிசி கிடைக்காது என்று பலர் தயங்குகிறார்கள். மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி காப்புறுதி நிறுவனங்கள் யாரையும் வற்புறுத்தக்கூடாது என்று 2021 அக்டோபரிலேயே நீங்களும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். நான் சந்தித்த தமிழ்க் குடும்பங்களில் அதை அறிந்திருந்தவர் மிகச் சிலர். எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சோதனைப் படிவத்தோடு கொடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நானும் என் போன்ற ஆசிரியர்களும் வருகிறோம், சம்பளம் வேண்டாம்.

2024க்கு முன் எக்சோம் செய்து விடை கிடைக்காத பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். பெற்றோரின் இரத்தம் எடுக்கப்படாதவர்களை முதலில் அழையுங்கள்; அங்கேதான் குறைந்த செலவில் அதிகம் தெரியவரும். அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது பதின்ம வயதைத் தொட்டிருப்பார்கள், சிலரின் அக்காமார் திருமண வயதில் இருப்பார்கள். எப்போது தொடங்குவீர்கள், எந்த மருத்துவமனையில் யாரைக் கேட்க வேண்டும் என்று பொதுவில் அறிவியுங்கள். என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு நான் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும்.

மரியாதையுடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்